ஜாஸ் ரெக்கார்டு சேர்ப்பது, கேட்பது, கழிப்பது: புதுச்சேரி, கடலூர்க்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் புதுச்சேரிக்காரன். வீட்டில் ஒரு சுவர் நிறைய ஜாஸ் எல்.பி. (நிமிஷத்துக்கு 33 சுற்று சுற்றும் பெரிய இசைத்தட்டு) இருக்கிறது என்று நாலு பேருக்குத் தெரிந்ததிலிருந்து கேள்விகள் வர ஆரம்பித்தன. முத்தியால்பேட்டையிலிருந்தும் வரும், கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்தும் வரும். திரும்பத் திரும்ப அதே கேள்விகள் என்பதால் பதில்களை எழுதி வைத்துவிட்டேன். நான் கடைக்காரன் இல்லை. என்னிடம் விற்க ஒன்றும் இல்லை. அதனால் கொஞ்சம் கறாராகவே சொல்லியிருக்கிறேன்.

பரணில் தாத்தாவின் ரெக்கார்டுப் பெட்டி ஒன்று கிடைத்தது. அதில் ஜாஸ் இருக்குமா?

தாத்தா சொல்தாவா? அப்படியென்றால் இருக்க வாய்ப்பு உண்டு. பிரெஞ்சு ராணுவத்தில் சைகோனிலும் அல்ஜீரியாவிலும் வேலை பார்த்துவிட்டு பென்ஷனோடு ஊர் திரும்பியவர்கள் பெட்டியில் இசைத்தட்டுகளும் வந்தன. பெரும்பாலும் நிமிஷத்துக்கு 45 சுற்று சுற்றும் ஏழு அங்குலத் தட்டுகள்: நடுவில் பெரிய ஓட்டை, பக்கத்துக்கு இரண்டு பாட்டு, பளபளவென்று லேமினேட் செய்த அட்டை. பிரெஞ்சுப் பாடகர்களான டினோ ரோசியும் எதித் பியாஃபும்தான் அதிகம் இருப்பார்கள். நடுவில் சிட்னி பெஷே என்ற பெயர் கண்ணில் பட்டால் தனியே எடுத்து வையுங்கள். நியூ ஆர்லியன்ஸில் பிறந்த கறுப்பினக் கலைஞர். கிளாரினெட், சோப்ரானோ சாக்ஸபோன் இரண்டிலும் பெரிய கை. கடைசிக் காலத்தில் பிரான்சிலேயே குடியேறி 1959-ல் அங்கேயே இறந்தார். அவருடைய ‘பெத்தித் ஃப்ளேர்’ பிரான்சில் வீட்டுக்கு வீடு ஒலித்த மெட்டு.

கிதார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட் பெயரும் வரலாம். 1928-ல் அவர் குடியிருந்த வண்டி தீப்பிடித்து இடக்கையின் இரண்டு விரல்கள் முடங்கிவிட்டன. மிச்ச விரல்களை வைத்து கிதார் வாசிப்புக்கே ஒரு புதுப் பாணி உண்டாக்கினார். 1934-ல் வயலின் கலைஞர் ஸ்டெஃபான் கிராப்பெல்லியோடு அவர் தொடங்கிய குழுவில் டிரம்ஸே கிடையாது. கிதாரும் வயலினும் பேஸும் (அடிச் சுரம் வாசிக்கும் பெரிய தந்தி வாத்தியம்) மட்டும்தான். ஐரோப்பாவுக்கென்று ஒரு சொந்த ஜாஸ் இருக்கிறதென்றால் அது இங்கேதான் தொடங்குகிறது.

கடலூர்ப் பெட்டிகள் வேறு மாதிரி இருக்கும். நாய் படம் போட்ட எச்.எம்.வி. 78 சுற்றுத் தட்டுகள், கனமாக, கீழே போட்டால் அப்பளம் போல உடையும். அதில் பாகவதரும் கிட்டப்பாவும் நாதஸ்வரமும் இருப்பார்கள், ஜாஸ் அபூர்வம். இருந்தால் அது கல்கத்தாவில் பதிவானதாக இருக்கலாம். டெடி வெதர்ஃபோர்டு என்ற அமெரிக்கப் பியானோக்காரர் அங்கே ஹோட்டல்களில் வாசித்து, தட்டுகளும் வெளியிட்டு, 1945-ல் அதே ஊரில் காலராவில் இறந்தார். அவர் தட்டு கிடைத்தால் எனக்கு ஒரு போன் போடுங்கள், பார்த்துவிட்டுத் தந்துவிடுகிறேன்.

அதெல்லாம் விலை போகுமா?

பெரும்பாலும் போகாது. பெஷேயின் 45-கள் லட்சக்கணக்கில் விற்றவை. லட்சக்கணக்கில் விற்ற பொருளுக்கு இன்று யார் அதிக விலை தருவார்கள்? விலை போவது அன்று விற்காத தட்டு. உங்கள் பெட்டியில் அப்படி ஒன்று இருக்கிறது என்றால் சந்தோஷம். இல்லையென்றாலும் தாத்தா கேட்ட பாட்டு இருக்கிறது, துடைத்துவிட்டுப் போட்டுக் கேளுங்கள்.

ஜாஸ் எனக்குப் புரியவில்லை. ஆளாளுக்கு வாசிக்கிற மாதிரி இருக்கிறது. எங்கே ஆரம்பிப்பது?

ஆளாளுக்கு வாசிக்கவில்லை. எல்லோரும் ஒரே பாட்டின் சட்டத்துக்குள்தான் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். அந்தச் சட்டத்தைக் காது பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

டிரம்ஸ் கலைஞர் ஆர்ட் பிளேக்கி குழுவின் ‘மோனின்’ தட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1958-ல் பதிவானது. முதல் பாட்டில் பியானோ ஒரு வரி கேட்கும், டிரம்பெட்டும் சாக்ஸபோனும் சேர்ந்து இரண்டே சுரத்தில் பதில் சொல்லும். கறுப்பின மக்களின் சர்ச்சில் போதகர் ஒரு வரி சொல்ல, கூட்டம் “ஆமென்” என்பது போல. பல்லவி எட்டு அளவு (ஓர் அளவு என்பது நாலு எண்ணிக்கை), அதே மறுபடி எட்டு, நடுவில் வேறு மெட்டில் ஓர் எட்டு, திரும்பப் பழைய எட்டு. மொத்தம் முப்பத்திரண்டு. இது முடிந்ததும் லீ மார்கனின் டிரம்பெட் தனியாகப் புறப்படும். அவர் என்ன வாசித்தாலும் அடியில் அந்த முப்பத்திரண்டும் ஓடிக்கொண்டே இருக்கும். விரலில் எண்ணுங்கள். முதல் தடவை தவறும். மூன்றாவது தடவை நடு எட்டு வரும் இடம் உங்களுக்கே முன்கூட்டித் தெரியும். ஜாஸ் பிடிக்கிறதா இல்லையா என்பதை அதற்கு அப்புறம் முடிவு செய்யுங்கள்.

பாட்டு இருந்தால்தான் கேட்க முடியும் என்பவர்களுக்கு எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டும் லூயி ஆம்ஸ்ட்ராங்கும் 1956-ல் சேர்ந்து பாடிய ‘எல்லா அண்ட் லூயி’. ஒரு குரல் பன்னீர், இன்னொன்று கரகரப்பு. இதைப் போட்டால் வீட்டில் யாரும் சத்தத்தைக் குறைக்கச் சொல்வதில்லை.

மூன்றாவதாக ஒன்று சொல்லலாம் என்றால், பியானோக்காரர் பில் எவன்ஸின் மூவர் குழு 1961 ஜூன் 25-ம் தேதி நியூயார்க்கின் வில்லேஜ் வான்கார்டு கிளப்பில் வாசித்த பதிவுகள். ஹெட்போனில் கேளுங்கள். மேஜையில் கண்ணாடி டம்ளர் வைக்கும் ஒலி, பேச்சு, நடுவில் யாரோ ஒருவர் சிரிப்பது எல்லாம் கேட்கும். அவர்களில் பலர் சரியாகக் கவனிக்கவே இல்லை. பேஸ் வாசித்த ஸ்காட் லாஃபாரோ அதற்குப் பதினோராம் நாள் கார் விபத்தில் இறந்தார், வயது 25. பியானோவுக்குத் துணை போகாமல் பேஸ் அதனோடு சரிக்குச் சரி பேசுவதை இந்தத் தட்டில்தான் நான் முதலில் கவனித்தேன்.

மூன்று தட்டு போதும். ஒரு மாதம் இவற்றையே கேளுங்கள். ‘கேட்டே ஆகவேண்டிய நூறு ஆல்பம்’ பட்டியல்களைத் திறக்காதீர்கள். அவை கேட்க வைப்பதில்லை, வாங்கத்தான் வைக்கும்.

கர்நாடக சங்கீதம் தெரிந்தவருக்கு ஜாஸ் எளிதாமே?

சில இடத்தில் எளிது, சில இடத்தில் நம் காதே தடை.

டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் புளூ’ (1959) தட்டில் முதல் பாட்டு ‘ஸோ வாட்’. அதில் பயன்படும் சுர வரிசையை மேற்கில் டோரியன் என்பார்கள். நமக்கு அது கரகரப்பிரியா. அதனால் முதல் பதினாறு அளவும் காதுக்குப் பழகிய வீடு. அப்புறம் ஒரு எட்டு அளவுக்கு ஆதார சட்ஜமே அரை சுரம் மேலே ஏறிவிடும். ராகம் அதே, தரைதான் மாறுகிறது. இது கிரக பேதமும் இல்லை. தம்புராவை நடுக் கச்சேரியில் சுருதி கூட்டிவிட்டு அதே கரகரப்பிரியாவைத் தொடர்வது மாதிரி. நமக்குத் தூக்கிவாரிப் போடும். எட்டு முடிந்ததும் பழைய தரைக்கே இறங்கிவிடுவார்கள். அந்த ஏற்றத்தில் தடுமாறாமல் நிற்கப் பழகிவிட்டால் ஜாஸில் ஸ்வரக்கோவை (கார்டு) மாறுவது ஏன் என்பது புரிந்துவிடும்.

தாளத்தில் நமக்கு வசதி அதிகம். பியானோக்காரர் டேவ் புரூபெக் குழுவின் ‘டேக் ஃபைவ்’ ஐந்து எண்ணிக்கை என்பதற்காகவே உலகம் வியந்தது. கண்ட சாபு போட்டு வளர்ந்தவருக்கு அதில் வியக்க ஒன்றுமில்லை. ஆனால் கவனியுங்கள், கண்ட சாபு இரண்டும் மூன்றும். ‘டேக் ஃபைவ்’ மூன்றும் இரண்டும். தக தகிட என்று கை தட்டினால் இடறும், தகிட தக என்று போடுங்கள், சரியாக உட்காரும். மெட்டு போட்டவர் புரூபெக் இல்லை, சாக்ஸபோன் வாசித்த பால் டெஸ்மண்ட். டிரம்ஸும் சாக்ஸபோனும் நாலு நாலு அளவாக மாறி மாறி வாசிக்கும் வழக்கத்தைத் தனி ஆவர்த்தனத்தில் கடமும் மிருதங்கமும் பங்கு போட்டுக்கொள்வதோடு வைத்துப் பார்க்கலாம். குறைப்பு மட்டும் இருக்காது.

கமகத்தைத் தேடாதீர்கள். அவர்கள் சுரத்தை வளைப்பதற்குக் காரணம் வேறு, அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ் பாட்டு வேறு ஒரு துக்கம்.

நம் பக்கத்துச் சம்பந்தம் உள்ள தட்டுகள் எவை?

அமெரிக்க அரசு தன் செலவில் ஜாஸ் குழுக்களை உலகம் சுற்ற அனுப்பிய காலம் ஒன்று உண்டு. பனிப்போர்க் கணக்கு. புரூபெக் 1958-ல் அப்படித்தான் இந்தியா வந்தார், மெட்ராஸிலும் வாசித்தார். திரும்பிப் போய் அதே ஆண்டு ‘ஜாஸ் இம்ப்ரெஷன்ஸ் ஆஃப் யூரேஷியா’ என்ற தட்டைப் போட்டார். அதில் ‘கல்கட்டா புளூஸ்’ என்று ஒரு பாட்டு இருக்கும், மெட்ராஸ் இருக்காது. நமக்கு மனக்குறைதான்.

சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் 1961-ல் நேரடி மேடையில் வாசித்த ‘இந்தியா’ இன்னும் நெருக்கம். இரண்டு பேஸ் வைத்து சுருதி போல ஓடவிட்டிருப்பார். அவர் மகனுக்கு ரவிசங்கரின் நினைவாக ரவி என்று பெயர் வைத்தார். மனைவி அலிஸ் கோல்ட்ரேனின் 1971 ஆல்பம் ‘ஜர்னி இன் சச்சிதானந்தா’. அந்தச் சச்சிதானந்தர் கோயம்புத்தூர்ப் பக்கம் செட்டிபாளையத்தில் பிறந்தவர்; 1969-ல் அமெரிக்காவின் உட்ஸ்டாக் இசை விழாவைத் தொடங்கிவைத்த அதே சாமியார். ஹார்ப்பும் தம்புராவும் சேர்ந்து வரும் முதல் நிமிஷத்தைக் கேட்டால் எங்கேயோ கேட்டது போல இருக்கும்.

இதற்கெல்லாம் மேலே சக்தி குழு. ஜான் மெக்லாஃப்லின் கிதார், எல். சங்கர் வயலின், ஜாகிர் உசேன் தபேலா, விக்கு விநாயக்ராம் கடம். 1976, 1977 ஆண்டுகளில் வந்த மூன்று ஆல்பங்களையும் ஜாஸ் அலமாரியில் வைப்பதா வேண்டாமா என்று சண்டை உண்டு. நான் வைத்திருக்கிறேன். வேறு எதைக் கழித்தாலும் இந்த மூன்றையும் கழிக்க மாட்டேன்.

போனிலேயே எல்லாம் கிடைக்கிறதே, ரெக்கார்டு எதற்கு?

கட்டாயம் ஒன்றும் இல்லை. போனில் கேட்டும் நல்ல ரசிகராக இருக்கலாம். தட்டில் ஒரு பக்கம் இருபது நிமிஷம்தான். எழுந்துபோய்த் திருப்ப வேண்டும் என்பதால் உட்கார்ந்து கேட்கிறோம். எனக்கு அதுதான் காரணம். ஒலி உயர்ந்தது என்பதை நான் வாதாட மாட்டேன்.

எந்த பிளேயர் வாங்கலாம்? வீட்டில் பழைய தெப்பாஸ் ஒன்று இருக்கிறது.

தெப்பாஸ் லியோன் நகரத்துப் பெட்டி பிளேயர். புதுச்சேரிப் பழைய வீடுகளில் இன்னமும் தென்படும். அழகு சாமான். ஆனால் அதன் ஊசி கனமானது, நல்ல எல்.பி.யை அதில் போடாதீர்கள். தாத்தாவின் 45-களுக்கு மட்டும் சரி. மின்சாரத்தில் செருகும் முன் பின்பக்கம் 110, 220 என்று மாற்றும் இடம் எதில் இருக்கிறது என்று பாருங்கள். பல வருஷம் ஓடாத பெட்டி என்றால் முதலில் ரேடியோ மெக்கானிக்கிடம் காட்டிவிட்டுத்தான் செருக வேண்டும்.

அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்த பழைய டர்ன்டேபிளுக்கு வேறு வம்பு. டிரான்ஸ்ஃபார்மர் போட்டு 110 வோல்ட் கொடுத்துவிடலாம். ஆனால் அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. பழைய ஏ.சி. மோட்டார் அந்தக் கணக்கில்தான் சுற்றும், ஆகவே ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும். கோல்ட்ரேன் தூக்கக் கலக்கத்தில் வாசிப்பது போல இருக்கும். மோட்டார் பழுது என்று பணம் செலவழிக்காதீர்கள்.

புதிதாக வாங்கினால், சூட்கேஸ் மாதிரி மூடித் தூக்கும் மலிவு வகை வேண்டாம். ஊசியின் அழுத்தத்தை நீங்களே சரிசெய்யும் வசதி, கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கும் பகுதி) மாற்றும் வசதி, இரண்டும் இருக்க வேண்டும். பெரும்பாலான கார்ட்ரிட்ஜுக்கு இரண்டு கிராம் சுமார் அழுத்தம். 78 தட்டுக்கு ஊசியே வேறு. அதன் பள்ளம் எல்.பி.யைவிட அகலம். எல்.பி. ஊசியை அதில் வைத்தால் அடியில் போய்த் தரையைத் தேய்க்கும். இரைச்சல்தான் மிஞ்சும்.

உள்ளூரில் எங்கே கிடைக்கும்?

புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் எப்போதாவது. காயலான் கடையில் எப்போதாவது. ஆரோவில் பக்கம் ஊரைக் காலி செய்துகொண்டு போகும் வெளிநாட்டுக்காரர்கள் வீட்டுச் சாமான் விற்கும்போது நல்லது கிடைக்கும். தெரிந்தவர் மூலம்தான் தகவல் வரும். மற்றபடி சென்னை மூர் மார்க்கெட், மும்பை சோர் பஜார், கொல்கத்தா ஃப்ரீ ஸ்கூல் தெரு. மறுபதிப்புகள் இணையத்தில் தாராளமாக உண்டு, ஒன்று மூவாயிரம் ரூபாயை எளிதாகத் தாண்டும். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் தபாலும் சுங்கமும் சேர்ந்து தட்டின் விலையைவிட அதிகமாகலாம்.

நேரில் வாங்கும்போது தட்டை வெளியே எடுத்து வெளிச்சத்துக்குச் சாய்வாகப் பிடியுங்கள். மேலோட்டமான மயிர்க்கோடுகள் பரவாயில்லை. நகத்தில் தட்டுப்படும் கீறல் என்றால் டக் டக் என்று சுற்றுக்கு ஒருமுறை கேட்கும். அப்புறம் அட்டைக்குள் மூக்கை வைத்து முகருங்கள். எங்கள் ஊரில் கண்ணைவிட மூக்குதான் நம்பகம். பூஞ்சணம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே வாடை வந்துவிடும்.

இணையத்தில் ‘ஜி’ (குட்) தரம் என்று போட்டிருந்தால் நல்லது என்று நினைத்து வாங்காதீர்கள். தர வரிசையில் அது கிட்டத்தட்டக் கடைசி. ‘விஜி பிளஸ்’ஸுக்கு (வெரி குட் பிளஸ்) கீழே நான் போவதில்லை.

புளூ நோட் ஒரிஜினல் என்கிறார்களே, எப்படித் தெரிந்துகொள்வது? தேவையா?

புளூ நோட் ஓர் அமெரிக்க ஜாஸ் ரெக்கார்டு கம்பெனி; ஒரிஜினல் என்றால் அந்தக் காலத்திலேயே அச்சான பிரதி. பாட்டு முடிந்து லேபிளுக்கு முன்னால் இருக்கும் மொட்டை வளையத்தைப் பாருங்கள். அங்கே ஆர்.வி.ஜி. என்றோ வான் கெல்டர் என்றோ பொறித்திருந்தால், ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டரே அந்தத் தட்டுக்கான மூலத்தை வெட்டியிருக்கிறார் என்று அர்த்தம். பக்கத்தில் காது மாதிரி சாய்ந்த ஒரு சின்னம் இருந்தால் அது பிளாஸ்டிலைட் தொழிற்சாலையில் அச்சானது, 1966 வரைக்கும் அவர்கள்தான் புளூ நோட்டுக்கு அச்சிட்டார்கள். இரண்டும் இருந்தால் விலை எகிறும்.

தேவையா என்றால், எனக்கு இல்லை. 2019-லிருந்து புளூ நோட்டே வெளியிடும் டோன் போயட் வரிசை மறுபதிப்புகள் மூல நாடாவிலிருந்தே வெட்டப்பட்டவை, அமைதியான தட்டுகள், அட்டையும் உருப்படி. ஒரிஜினலின் விலையில் இவற்றில் ஒரு வரிசையே வாங்கலாம். ஒரிஜினலை வைத்திருப்பவர் அதை வெளியே எடுக்கவே பயப்படுகிறார்; கேட்காத தட்டுக்கு எதற்கு நல்ல ஒலி?

தட்டில் பூஞ்சணம் பூத்திருக்கிறது. என்ன செய்வது?

மூக்கில் துணி கட்டிக்கொண்டு வாசலில் வைத்துச் செய்யுங்கள், வீட்டுக்குள் வேண்டாம். உள் காகித உறையை யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள். வித்து அதில்தான் இருக்கிறது. எல்.பி.யைக் காய்ச்சி வடித்த நீரில், அதோடு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நாலில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் கலந்து, பாத்திரம் கழுவும் சோப்பு நீர் ஒரு சொட்டு விட்டு, மென்மையான துணியால் பள்ளத்தின் போக்கிலேயே வட்டமாகத் துடையுங்கள். லேபிள் நனையக் கூடாது. பிறகு வெறும் காய்ச்சி வடித்த நீரால் ஒருமுறை. தட்டு ஸ்டாண்டில் நிறுத்தி நிழலில் காயவிட்டு, புது பாலித்தீன் உள்ளுறையில் போடுங்கள். போர்த் தண்ணீர் கூடவே கூடாது, கடற்கரை ஊர்த் தண்ணீரில் உள்ள உப்பு பள்ளத்திலேயே படிந்துவிடும்.

78 தட்டுக்கு ஆல்கஹால் பக்கமே போகாதீர்கள். அது அரக்கு. கரைந்துவிடும்.

அட்டையை உலர்ந்த துணியால் துடைத்து, வெயில் நேரடியாகப் படாத இடத்தில் இரண்டு நாள் ஆறவிடலாம். பாச்சை உருண்டையை அலமாரியில் போடும் பழக்கம் பல வீடுகளில் உண்டு; ரெக்கார்டு இருக்கும் இடத்தில் வேண்டாம். ராமபாணப் பூச்சி அட்டையின் பசையைத் தேடித்தான் வரும். மாதம் ஒருமுறை எடுத்துத் தட்டிவைத்தாலே போய்விடும்.

எங்கே, எப்படி அடுக்குவது?

நிற்க வையுங்கள், படுக்க வைக்காதீர்கள். அடியில் இருக்கும் தட்டு நெளியும். மேற்குச் சுவர் வேண்டாம், மதியம் கை வைத்துப் பாருங்கள், தெரியும். சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வைத்தால் காற்று போகும். ஒரு மீட்டர் அலமாரிக்குச் சுமார் முந்நூறு எல்.பி. பிடிக்கும். அது எழுபது, எண்பது கிலோ வரும். மரச்சட்டம் போட்ட பழைய மாடி வீட்டில் யோசித்து வையுங்கள்.

முக்கியமாக, கீழ்த்தட்டு தரையிலிருந்து முழங்கால் உயரம் இருக்கட்டும். 2015 வெள்ளத்தைக் கடலூரில் பார்த்தவர்களுக்கும், 2024-ல் ஃபெஞ்சல் புயலைப் புதுச்சேரியில் பார்த்தவர்களுக்கும் இதைச் சொல்லத் தேவையில்லை. தட்டு நனைந்துவிட்டால் அன்றைக்கே உறையைவிட்டுப் பிரித்துவிட வேண்டும். எல்.பி. தண்ணீரில் கெடாது. நனைந்த காகிதம் அதன் மேலேயே காய்ந்து ஒட்டிக்கொள்வதுதான் கெடுதல்.

எத்தனை ரெக்கார்டு வைத்துக்கொள்ளலாம்?

எல்லோரும் இதைக் கடைசியில் கேட்கிறார்கள். முதலில் கேட்க வேண்டியது.

என் கணக்கு இது. எங்கள் கடற்கரையில் வருஷா வருஷம் ஐப்பசி மழைக்கு முன்னால் ஒவ்வொரு தட்டையும் ஒருமுறை வெளியே எடுத்துப் பார்த்து, துடைத்து, உறையை முகர்ந்து, நமுத்திருந்தால் மாற்றி, திரும்ப வைக்க வேண்டும். பெங்களூர்க்காரர் பத்து வருஷம் தொடாமல் வைத்திருப்பார், ஒன்றும் ஆகாது. இங்கே அப்படி விட்டால் தட்டு அட்டையோடு போய்விடும். ஒரு தட்டுக்கு ஐந்து நிமிஷம் என்று வைத்தால் முந்நூறு தட்டுக்கு இருபத்தைந்து மணி நேரம். புரட்டாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில் அவ்வளவுதான் முடியும். ஆகவே உங்கள் அளவு உங்கள் கை எவ்வளவு துடைக்குமோ அவ்வளவு. ஆயிரம் வைத்திருப்பவர் ஆயிரத்தையும் வைத்திருக்கவில்லை. எழுநூறைப் பூஞ்சணத்துக்கு வளர்க்கிறார்.

இதில் இன்னொரு நன்மை உண்டு. துடைக்கக் கையில் எடுக்கும்போதே தெரிந்துவிடும். சிலதை எடுத்ததும் துடைப்பதை நிறுத்திவிட்டுப் பிளேயரில் போட்டுவிடுவீர்கள். சிலதை எடுக்கும்போது ‘இதையும் துடைக்கணுமா’ என்று ஒரு அலுப்பு வரும். அந்த அலுப்பு வந்த தட்டைத் தனியே ஓர் அட்டைப் பெட்டியில் போடுங்கள். வேறு எந்தக் கணக்கும் வேண்டாம்.

அப்படியே கழித்துவிடலாமா? பயமாக இருக்கிறது.

பெட்டியை மூடித் தேதி எழுதி வையுங்கள். பொங்கல் வரைக்கும் இருக்கட்டும். நடுவில் ஏதாவது ஒன்றைக் கேட்கத் தோன்றித் தேடி எடுத்தால் அது அலமாரிக்குத் திரும்பட்டும். மற்றதைத் திறந்துகூடப் பார்க்காமல் அனுப்புங்கள். திறந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் சொல்லத் தோன்றும்.

எந்த வகை பெட்டிக்குப் போகும் என்று கேட்டால்: ‘சிறந்த பாடல்கள்’ தொகுப்புகள் முதலில். ஒரே ஆளின் பதினேழாவது ஆல்பம். அட்டைப் படத்துக்காக வாங்கியது. அந்த அட்டையைச் சட்டம் போட்டு மாட்டுங்கள், தட்டுக்கு அலமாரியில் இடம் எதற்கு? பிறகு கொஞ்சம் கஷ்டமான வகை ஒன்று இருக்கிறது: மரியாதைக்காக வைத்திருப்பவை. சாக்ஸபோன் கலைஞர் ஆர்னெட் கோல்மனின் ‘தி ஷேப் ஆஃப் ஜாஸ் டு கம்’ (1959) பெரிய ஆல்பம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மனதாரக் கேட்டதும் இல்லை. நண்பர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன், அவர் வீட்டில் அது வாரம் ஒருமுறை ஓடுகிறது.

கஷ்டமான காலத்தில் கேட்ட தட்டு, யாரோ கொடுத்த தட்டு, இவற்றைக் கணக்கில் சேர்க்காதீர்கள். நாலைந்து இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும்.

ஒரே ஆல்பம் இரண்டு பிரதி இருக்கிறது. எதை வைப்பது?

பொதுவாக, சத்தம் குறைந்ததை. ‘கைண்ட் ஆஃப் புளூ’வில் மட்டும் ஒரு விசேஷம். முதல் நாள் பதிவின்போது நாடா இயந்திரம் கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது. சரியான வேகத்தில் திரும்ப ஓட்டியபோது முதல் பக்கத்து மூன்று பாட்டும் சுருதி சற்று ஏறி ஒலித்தன. 1992 மறுபதிப்பில்தான் இதைச் சரிசெய்தார்கள். அதற்கு முந்தைய பிரதியும் பிந்தைய பிரதியும் உங்களிடம் இருந்தால் சுருதிப் பெட்டியை வைத்துச் சோதித்துப் பாருங்கள், அரை சுரம்கூட இல்லை, ஆனாலும் காது பிடித்துவிடும். திருத்தியதை வைத்துக்கொள்ளலாம். நான் பழையதை வைத்திருக்கிறேன். முப்பது வருஷம் உலகம் அந்தச் சுருதியில்தான் கேட்டது.

கழித்த தட்டு எங்கே போகும்?

முதலில் கேட்கக்கூடிய ஆளுக்கு. உங்கள் தெருவிலேயே கிதார் கற்கும் பையன் ஒருவன் இருப்பான். ஜூன் 21-ல் புதுச்சேரியில் இசை விழா நடக்கும்போது இப்படிப்பட்டவர்களைச் சந்திக்கலாம். விற்பதென்றால் இணையத்தில் தட்டுத் தட்டாகப் போட்டால் விலை கிடைக்கும், வேலை அதிகம். மொத்தமாக வியாபாரியிடம் கொடுத்தால் பாதி விலைகூட வராது, ஒரே நாளில் இடம் காலியாகும். இரண்டில் எது உங்களுக்கு முக்கியம் என்று முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். பேரத்தின் நடுவில் முடிவு செய்தால் தூக்கம் போகும். பூஞ்சணம் பிடித்ததை நல்லது என்று யாருக்கும் தராதீர்கள், வாங்குபவர் அலமாரிக்கே அது பரவும்.

இரவல் தரலாமா?

மறுபதிப்பு என்றால் தாராளமாக. நோட்டில் பெயர் எழுதி வையுங்கள். தாத்தாவின் பெஷேயைத் தராதீர்கள். வீட்டுக்கு வந்து கேட்கச் சொல்லுங்கள், காபி கொடுங்கள்.

கூரியரில் எப்படி அனுப்புவது?

தட்டை அட்டைக்குள் வைத்து அனுப்பாதீர்கள். வழியில் குலுங்கும்போது தட்டின் விளிம்பு அட்டையின் ஒட்டிய ஓரத்தைக் கிழித்துவிடும். தட்டை அதன் உள்ளுறையோடு வெளியே எடுத்து அட்டையின் பின்னால் வைத்து, இரண்டையும் சேர்த்து ஒரு பிளாஸ்டிக் உறையில் போடுங்கள். முன்னும் பின்னும் தட்டைவிட இரண்டு விரல் பெரிய கெட்டி அட்டை, உள்ளே ஓடும் நெளிவரிகள் ஒன்றில் குறுக்காகவும் மற்றதில் நெடுக்காகவும் வரும்படி. மழைக்காலத்தில் கார்த்திகை வரை மேலே இன்னொரு பிளாஸ்டிக் சுற்றும் தேவை. ‘உடையக்கூடியது’ என்று எழுதுவதால் யாரும் மெதுவாக வைப்பதில்லை; ‘மடிக்காதே’ என்று பெரிதாக எழுதினால் ஓரளவுக்குக் கேட்கிறார்கள்.